உத்தபுரத்துச் சுவர்

மதுரை மாவட்டம் எழுமலைக்கு அருகே உள்ள உத்தபுரத்தில், 1989 சாதிக் கலவரத்துக்குப் பிறகு பிள்ளைமார் தெருக்களுக்கும் தலித் குடியிருப்புக்கும் நடுவே ஆளுயரத்தை மிஞ்சிய சுவர் ஒன்று எழுந்தது. பொதுப்பாதை அடைபட்டதால் தலித் மக்கள் சுற்றிக்கொண்டுதான் பிரதான சாலைக்கு வர முடிந்தது. சுவரை ஆதரித்தவர்கள் சொன்ன நியாயம் இரண்டு: கலவரம் மீண்டும் மூளாமல் அது காத்தது, இரு தரப்பும் எழுதி ஒப்புக்கொண்டே அது கட்டப்பட்டது. இரண்டாவது நியாயம் நிற்காது. வெட்டுக்குத்து நடந்து முடிந்த ஊரில், அஞ்சிக் கிடக்கும் தரப்பிடம் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்லிவிட முடியாது. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் எழுதித் தள்ளுபடி செய்யவும் முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1989இல்தான்.

முதல் நியாயம் அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதல்ல. 2008 ஏப்ரலில் சுவர்மேல் மின்கம்பி ஓடுவது வெளியே தெரிந்து, தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும் போராடின. மே 6ஆம் தேதி மாவட்ட நிர்வாகம் காவல்துறைப் பாதுகாப்போடு சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. பிள்ளைமார் குடும்பங்கள் பல எதிர்ப்புத் தெரிவித்து, ஊரைவிட்டு மலையடிவாரத்தில் போய்த் தங்கின. அந்த ஆண்டு முடிவதற்குள் மோதலும் வெடித்தது. அப்படியானால் சுவர்தானே அமைதி காத்தது என்று கேட்பார்கள். ஆனால் சண்டை எதைப் பற்றியது? முத்தாலம்மன் கோயிலில் வழிபடும் உரிமை, அரசமரம், பேருந்து நிறுத்த நிழற்குடை. இவற்றில் ஒன்றைக்கூடச் சுவர் தீர்க்கவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த வழக்கைப் பேசவிடாமல் வைத்திருந்தது, அவ்வளவே. அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில் 1969இல் தற்காலிகம் என்று சொல்லி எழுப்பிய ‘அமைதிச் சுவர்கள்’ இன்றும் பல இடங்களில் நிற்பதற்குக் காரணமும் இதுவே. பிரித்து வைத்தபின் பேசவேண்டிய அவசரம் போய்விடுகிறது.

உத்தபுரத்தில் பேச்சு நடந்தது 2011 அக்டோபரில். காவல்துறை அதிகாரிகள் முன்னிலையில் இரு தரப்பும் உடன்பட்டு, நவம்பர் 10ஆம் தேதி தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள். சுவர் நின்ற காலத்தில் நடக்காத காரியம் இது. பின்னாளில் அரசமர வழிபாட்டில் மறுபடி தகராறு வந்து கோயில் பூட்டப்பட்டது. உடன்படிக்கை தோற்றதாக இதைக் காட்டுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2011இல் தொடங்கிய பேச்சை அரசு பாதியில் கைவிட்டதன் விளைவாகவே இதைப் பார்க்கிறேன்.