ஆளுநர் ஆல்ட்கெல்டின் கையெழுத்து

மே முதல் நாள் தொழிலாளர் தினம் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்த நாளுக்கும் அமெரிக்காவின் சிகாகோ நகருக்கும் உள்ள தொடர்பை நம்மில் சிலர் கேள்விப்பட்டிருப்போம். ஆனால், அந்தத் தொடர்பினால் தம் அரசியல் வாழ்வையே இழந்த ஓர் ஆளுநரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவர் பெயர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட். 1893 முதல் 1897 வரை இல்லினாய் மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர்.

அமெரிக்காவில் மாநில ஆளுநர் நியமனம் பெறுபவர் அல்லர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். சிறைக் கைதிகளை மன்னித்து விடுவிக்கும் அதிகாரமும் இல்லினாய் ஆளுநருக்கு உண்டு. இந்த அதிகாரத்தில்தான் நம் கதையே இருக்கிறது.

ஆல்ட்கெல்ட் 1847ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தவர். பெற்றோர் அவரைக் கைக்குழந்தையாக அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். ஓஹாயோ மாநிலத்தில் பண்ணை வேலை செய்து வளர்ந்தார். பதினாறு வயதில் உள்நாட்டுப் போரில் படைவீரரானார். பிறகு பள்ளி ஆசிரியராக இருந்தார். இரயில் பாதை போடும் வேலையும் செய்தார். சட்டம் பயின்று, 1875இல் சிகாகோவுக்கு வந்து, வழக்கறிஞராகவும் கட்டடத் தொழிலிலும் பொருள் ஈட்டினார். ஏழைகளே சிறைகளை நிரப்புகிறார்கள் என்பதைக் கண்டு, 1884இல் தண்டனை முறையைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். 1886இல் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதே 1886ஆம் ஆண்டு மே முதல் நாள், எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். மே 4ஆம் நாள் இரவு, சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடந்த கூட்டத்தைக் கலைக்கக் காவலர்கள் வந்தபோது யாரோ ஒருவன் வெடிகுண்டு வீசினான். ஏழு காவலர்கள் மாண்டனர். காவலர்கள் சுட்டதில் பொதுமக்களும் இறந்தனர்.

குண்டை வீசியவன் யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. ஆயினும் எட்டுத் தொழிலாளர் தலைவர்கள்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர்களுள் ஐவர் ஜெர்மனியில் பிறந்தவர்கள். 1887 நவம்பர் 11ஆம் நாள் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். அதற்கு முதல் நாள் ஒருவர் சிறையிலேயே உயிர் துறந்தார். மூவர் சிறையில் அடைபட்டுக் கிடந்தனர்.

இந்த மூவரை விடுவிக்குமாறு பல்லாயிரம் பேர் கையொப்பமிட்டுக் கேட்டனர். இரக்கம் காட்டி விடுவித்திருந்தால் ஆல்ட்கெல்டுக்குப் பெரிய தீங்கு வந்திராது. போதிய தண்டனை அனுபவித்துவிட்டார்கள் என்று இரண்டு வரி எழுதினால் போதும். அவர் அப்படிச் செய்யவில்லை. வழக்கின் ஏடுகளை எல்லாம் வரவழைத்துப் படித்தார். 1893 ஜூன் 26ஆம் நாள், மூவரையும் முழுமையாக மன்னித்து, அதற்கான காரணங்களை ஒரு சிறு நூல் அளவுக்கு விரிவாக எழுதி வெளியிட்டார். நடுவர் குழுவில் முன்பே வெறுப்புக் கொண்டவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டார்கள். குண்டு வீசியவனுக்கும் இவர்களுக்கும் தொடர்பு இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. நீதிபதி நடுநிலை தவறினார். இவையே அவர் காட்டிய காரணங்கள்.

இரக்கம் கேட்டவர்களுக்கு அவர் நீதியைக் கொடுத்தார். அதைத்தான் பலரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தூக்கிலிட்டது தவறு என்றல்லவா அது பொருள்படுகிறது! அந்நியர் என்றும் கலகக்காரர் என்றும் பத்திரிகைகள் அவரைத் தூற்றின.

அவர் பின்வாங்கவில்லை. அதே 1893இல், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைப்பதைத் தடுத்தும், பெண்களின் வேலை நேரத்தை எட்டு மணியாக வரையறுத்தும் சட்டம் வந்தது. அதைக் கண்காணிக்க ஃபுளோரன்ஸ் கெல்லி என்ற பெண்மணியைத் தலைமை ஆய்வாளராக நியமித்தார். 1895இல் மாநில உச்ச நீதிமன்றம் எட்டு மணி விதியைச் செல்லாது என்றது. அதற்கு முந்திய ஆண்டில், புல்மன் இரயில் வேலைநிறுத்தத்தின்போது, மாநிலம் கேட்காமலே அதிபர் கிளீவ்லண்ட் இராணுவத்தை அனுப்பினார். தம் கட்சிக்காரரே ஆன அந்த அதிபரை ஆல்ட்கெல்ட் வெளிப்படையாகக் கண்டித்தார்.

1896 தேர்தலில் அவர் தோற்றார். 1899இல் சிகாகோ நகர மேயர் பதவிக்கு நின்றும் வெற்றி கிட்டவில்லை. சேர்த்த செல்வமும் கரைந்தது. 1902 மார்ச் 11ஆம் நாள், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனோடு போரிட்ட போயர்களுக்காக ஒரு கூட்டத்தில் பேசியபின் நோயுற்று, மறுநாள் காலமானார்.

நேயர்களே, தேர்தலில் வென்றவர்கள் பதவியில் எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பதவியை எதற்காகச் செலவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆல்ட்கெல்ட் ஆளுநராக இருந்தது நான்கே ஆண்டுகள். அவர் போட்ட ஒரு கையெழுத்தினால் மூன்று மனிதர்கள் வீடு திரும்பினார்கள். இறந்துபோனவர்களுடைய பெயரில் இருந்த பழியும் அவருடைய எழுத்தினால் அசைந்தது.