பிங்குவே

பிங்குவே என்பது ‘கொழுத்த’, ‘ஏராளமான’ என்று பொருள்படும் ஸ்பானியப் பெயரடை. ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் ஒரே வடிவம், பன்மையில் பிங்குவேஸ். வீட்டுப் பேச்சில் இதைக் கேட்பது அரிது. செய்தித்தாளின் வணிகப் பக்கத்திலும் ஊழல் வழக்குச் செய்திகளிலும் பழைய வரலாற்று நூல்களிலும்தான் கண்ணில் படும். அங்கும் தனித்து வருவது குறைவு. ‘பிங்குவேஸ் பெனெஃபிசியோஸ்’, ‘பிங்குவேஸ் கனான்சியாஸ்’ என்று லாபத்தைச் சுட்டும் சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டே வரும். இதைத் தமிழாக்க மெனக்கெட வேண்டியதில்லை. ‘கொழுத்த லாபம்’ என்று நாம் சொல்வது இதையேதான்.

எழுத்தும் ஒலியும்

ஸ்பானிய எழுத்துப் பெயர்களில் சொன்னால் இது பே, இ, ஏனே, ஹே, ஊ, ஏ என ஆறெழுத்துச் சொல். சிக்கல் ஐந்தாம் எழுத்தில் இருக்கிறது. ஸ்பானியத்தில் ‘ஹே’ என்ற எழுத்து எகரத்துக்கோ இகரத்துக்கோ முன்னால் நேராக வந்தால், தொண்டையில் உரசி வரும் ஹகரம்போல ஒலிக்கும். ‘கெ’, ‘கி’ என்று வல்லினமாக ஒலிக்க வேண்டுமானால் நடுவே ஓர் ‘ஊ’ போட வேண்டும். அந்த ‘ஊ’ வெறும் காவல்காரன். அதற்கென்று ஒலி கிடையாது. கிதார் என்ற வாத்தியத்தின் ஸ்பானியப் பெயரான கிதார்ராவில் அப்படித்தான் ஓர் ‘ஊ’ வாய் திறக்காமல் நிற்கிறது. அதே இடத்தில் ‘ஊ’வையும் ஒலித்தாக வேண்டும் என்றால், அதன் தலையில் இரண்டு புள்ளிகள் வைப்பார்கள். இந்தக் குறிக்குத் தியேரேசிஸ் என்று பெயர். கிரேமா என்றும் சொல்வதுண்டு.

பிங்குவேயில் இந்தப் புள்ளிகளை விட்டுவிட்டால் வெறும் எழுத்துப்பிழையோடு போகாது, வேறு சொல்லாகிவிடும். புள்ளியில்லாத வடிவத்தை ‘பிங்கே’ என்று படிக்க வேண்டும். அது அதிகச் சரக்கு கொள்ளும்படி வயிறு அகன்ற பழைய சரக்குக் கப்பல் வகை ஒன்றின் பெயர். அவசரத்தில் புள்ளியை மறந்தவர், கொழுத்த லாபம் என்று நினைத்துக் கப்பலை எழுதியிருப்பார்.

உச்சரிப்பில் இது ஈரசைச் சொல்: பிங்–க்வே. அழுத்தம் முதல் அசையில். உயிரில் முடியும் ஸ்பானியச் சொற்களுக்குக் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழுவதே இயல்பு. ஆகவே அழுத்தக் குறி தேவையில்லை. இரண்டு புள்ளிகளை அழுத்தக் குறி என்று எண்ணிக் கடைசி அசையை அழுத்துவது புதிதாகக் கற்பவர் செய்யும் தவறு. எழுதுவது நகரம், ஒலிப்பது ஙகரம். பின்னால் வரும் ககரத்தின் ஒலி முன்னுள்ள மூக்கொலியைத் தன் இனத்துக்கு இழுத்துக்கொள்கிறது. இனவெழுத்தோடு வளர்ந்த தமிழருக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டாம். ஆனால் ‘கு’வை முழு அசையாக நீட்டி மூன்றசையாக்கிவிடும் ஆபத்து நமக்கு உண்டு.

ஒரு காலத்தில் இந்தப் புள்ளிகளுக்கு வேலை இன்னும் அதிகம். ‘கேள்வி’ என்று பொருள்படும் குவெஸ்தியோன் போன்ற சொற்களில் ‘கூ’ என்ற எழுத்துக்குப் பின்னாலும் அவை இடம்பெற்றன. ஸ்பானிய அரச மொழிக்கழகம் 1815இல் வெளியிட்ட எழுத்திலக்கணப் பதிப்பு அங்கே ‘சே’ எழுத்தைக் கொண்டுவந்ததால் புள்ளிகள் வேண்டாதவையாகின. அண்டை மொழியான போர்ச்சுகீசியத்தில், பிரேசில் 2009 முதல் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம் இத்தகைய புள்ளிகளை அறவே நீக்கியது. ஸ்பானியம் விடவில்லை. விடாததே நல்லது, படிப்பவர் ஊகிக்க வேண்டிய இடம் ஒன்று குறைகிறது.

பொருள்

மூலம் லத்தீன் பிங்குயிஸ். ‘கொழுப்புள்ள’ என்பது அதன் நேர்ப்பொருள். வளமான மண்ணுக்கும் மந்தமான அறிவுக்கும்கூட அது வழங்கியது. ரோமானியப் பேச்சாளர் சிசரோ கி.மு. 62இல் கவிஞர் ஆர்க்கியாஸுக்காக வாதாடியபோது, ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்த கவிஞர்களின் தடித்த, அயல்வாடை வீசும் ஒலிப்பை இச்சொல்லால்தான் கிண்டலடித்தார். பிற்காலத்தில் அந்த ஸ்பெயினே சொல்லைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

கழக அகராதி முதலில் ‘கொழுப்பான’ என்றும் அடுத்து ‘ஏராளமான, வளமான’ என்றும் பொருள் தருகிறது. நடப்பில் இரண்டாவதே உயிரோடு இருக்கிறது. பருத்த ஆளைப் பிங்குவே என்று எவரும் சொல்வதில்லை. அதற்குக் கோர்தோ இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு மூலமான லத்தீன் குர்துஸ் முட்டாளைக் குறித்தது, ஸ்பெயினிலிருந்து வந்ததாகக் கேள்வி என்று ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குவிந்திலியன் எழுதியிருக்கிறார். அவரும் அந்த மண்ணில் பிறந்தவரே. டிசம்பர் 22இல் குலுக்கப்படும் ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் லாட்டரியில் முதல் பரிசுக்கு ‘எல் கோர்தோ’ என்று பெயர். கொழுப்பைச் செல்வமாகக் காணும் பழக்கம் அங்கும் ஆழமானதுதான்.

தொனியைக் கவனிக்க வேண்டும். உழைத்துச் சேர்த்த சிறு மிச்சத்துக்கு இந்த அடை பொருந்தாது. யாரோ எதிலோ அளவுக்கு மீறிச் சம்பாதிக்கிறார்கள் என்ற முகச்சுளிப்பு பெரும்பாலும் கூடவே வரும்.

உறவுச் சொற்கள்

இத்தாலியத்தில் இதே சொல் புள்ளி இல்லாமலே ‘பிங்குவே’ என ஒலிக்கிறது. பென்குவின் பறவையின் ஸ்பானியப் பெயரான பிங்குவீனோவுக்கும் அதே இரட்டைப் புள்ளி உண்டு. கொழுத்த பறவை என்பதால் லத்தீன் சொல்லோடு முடிச்சுப் போடுவோரும், ‘வெள்ளைத் தலை’ என்று பொருள்படும் வேல்ஸ் சொல்தொடரைக் காட்டுவோரும் இன்றும் உடன்படவில்லை. உறவு உறுதியானது பிங்குயிகுலா என்ற பூச்சியுண்ணும் தாவர இனத்துக்குத்தான். நெய் தடவியதுபோல் மினுங்கும் இலையில் வந்தமரும் சிறு பூச்சிகள் ஒட்டிக்கொண்டு மடியும். ஸ்பெயினில் அதைக் கொழுப்பு என்ற சொல்லிலிருந்தே பிறந்த கிராசில்யா என்ற பெயரால் அழைக்கிறார்கள்.