'புல்புல்' என்றால் என்ன? சித்தூர், திருப்பதி பெற்றோர் மகளைச் சேர்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்கள் மகளின் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது: 'புல்புல் அணியில் சேர்க்க விருப்பமா?' பறவை பேரா இருக்கே என்று நீங்கள் யோசிப்பதற்குள், "பொம்பளப் பிள்ளையை கேம்ப்புக்கெல்லாம் அனுப்பாதே" என்று அம்மா சொல்லிவிட்டார். சித்தூர், திருப்பதி பக்கம் பல வீடுகளில் பேச்சு இப்படித்தான் தொடங்கும். முடிவெடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

யார் இந்த புல்புல்?

1950-ல் உருவான பாரத சாரண சாரணியர் இயக்கத்தில், 5 முதல் 10 வயது வரையிலான சிறுமிகளின் பிரிவுதான் புல்புல். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இவர்களை 'நீலப்பறவையர்' என்பார்கள். 10 வயதுக்கு மேல் 'கைடு', அதாவது சாரணியர். அதற்கும் மேல் 'ரேஞ்சர்'.

பெண்களுக்கு இந்த இடம் தானாகக் கிடைக்கவில்லை. 1909-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்கு, அழைக்காமலே சில சிறுமிகள் வந்து "எங்களுக்கும் வேணும்" என்று நின்றார்கள். அடுத்த ஆண்டே பெண்களுக்கான இயக்கம் தொடங்கியது. 1911-ல் இந்தியாவின் முதல் குழு ஜபல்பூரில் அமைந்தது. சித்தூர் மாவட்டம் உருவானதும் அதே ஆண்டுதான்.

என்ன கத்துக்குவாங்க?

ஆறு ஆறு பேராகச் சிறு குழுக்களாகப் பிரிந்து விளையாட்டு, பாட்டு, கதை, முடிச்சு போடுதல், சுத்தம், சிறு காயத்துக்கு முதலுதவி என்று போகும். பிரவேஷில் தொடங்கி கோமல், ரஜத், ஸ்வர்ண, ஹீரக் 'பங்க்' வரை படிகள் உண்டு. பங்க் என்றால் இறகு. 'முடிந்தவரை முயற்சி செய்' என்பதே இவர்களின் குறிக்கோள். யார் முதல் என்ற போட்டி இங்கே முக்கியமில்லை.

திருப்பதி மாதிரி எப்போதும் கூட்டமுள்ள ஊரில் இதன் பயன் உடனே புரியும். கையை விட்டுத் தவறிய ஏழு வயதுக் குழந்தை அழாமல் தன் பெயரையும் அப்பாவின் போன் நம்பரையும் சொல்லத் தெரிந்திருந்தால், அதுவே பெரிய விஷயம்.

"பிரம்மோத்சவத்துல கூட்டத்தைப் பாத்துக்கிறாங்களே, அந்த வேலைக்கா அனுப்பப் போறே?" என்று பாட்டி கேட்கலாம். இல்லை. அங்கே சேவை செய்யும் சாரண சாரணியர் பெரிய பிள்ளைகள். புல்புல் வயதுக்கு அது கிடையாது.

பெற்றோரின் சந்தேகங்கள்

பாதுகாப்பு: புல்புல் அணியை நடத்துபவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. அவரை 'ஃப்ளாக் லீடர்' என்பார்கள்.

படிப்பு: பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு கூட்டம்தான். டியூஷன் கெடாது.

மதம்: எல்லா மதத்தினரும் சேரலாம். உறுதிமொழியில் 'கடவுள்' என்பதற்குப் பதிலாக 'தர்மம்' என்றும் சொல்லலாம்.

மொழி: வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளரும் குழந்தைக்கு, விளையாடிக்கொண்டே பேசிப் பழக இது நல்ல இடம்.

வேலை: ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு இருப்பது உண்மைதான். ஆனால் அது பல வருடம் கழித்து வருகிற பேச்சு. ஏழு வயதில் அதை நினைத்துச் சேர்க்க வேண்டாம்.

பள்ளியில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. அணி முறையாகப் பதிவு செய்யப்பட்டதா? 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. அதனால் எந்த மாவட்டத்தின் கீழ் பதிவு என்பதையும் கேளுங்கள்.

2. லீடர் பயிற்சி முடித்தவரா?

3. வெளியே கூட்டிப் போனால், உடன் எத்தனை பெண் பொறுப்பாளர்கள் வருவார்கள்? கழிப்பறை வசதி உண்டா?

4. கூட்டம் முடிந்ததும் குழந்தையை யாரிடம் ஒப்படைப்பார்கள்?

5. சீருடை, ஸ்கார்ஃப், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?

நேரடியான பதில் வரவில்லை என்றால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பதில் திருப்தியாக இருந்தால், ஒரு கூட்டத்தைப் பார்க்க அனுமதி கேட்டு அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. நீங்கள் பத்து தடவை எடுத்துச் சொல்வதைவிட, பேத்தி தானே ஷூ லேஸ் கட்டி வரிசையில் நிற்பதை அவரே ஒருமுறை பார்த்துவிடட்டும்.