இரட்டையர் பங்கிட்ட நச்சுக்கொடி

நான் மருத்துவம் பயின்ற நாளில், பிள்ளை பிறந்தபின் விழும் நச்சுக்கொடியை, முழுமையாக விழுந்ததா என ஒருமுறை நோக்கி அப்புறப்படுத்திவிடுவோம். ஒருகரு இரட்டையருள் ஒன்று கொழுத்தும் மற்றொன்று மெலிந்தும் பிறந்தபோதும் அப்படியே செய்தோம். காரணத்தைக் கையில் ஏந்தியே எறிந்தோம் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

அதனை எறியாமல் ஆராய்ந்தவர், ஜெர்மனியில் ரோஸ்டாக் நகரப் பேராசிரியர் பிரெடரிக் ஷாட்ஸ். ஒரே நச்சுக்கொடியைப் பங்கிடும் இரட்டையரின் குருதிக்குழல்கள் அதனுள் ஒன்றோடொன்று இணைவதைப் பற்றி 1882 முதல் அவர் எழுதலானார். இருவருக்கும் தனித்தனி ஓட்டம் இருக்க, இடையே ஓடும் இதனை ‘மூன்றாம் குருதியோட்டம்’ என்றார். அவ்வழியே ஒரு சிசு கொடுப்பதும் மற்றது பெறுவதுமே நிகழுமாயின், கொடுப்பது வாடும். பெறுவதன் இதயமோ பாரந் தாங்காது களைக்கும்.

கொப்பூழ்க்கொடி எங்கே பொருந்துகிறது என்பதும் சிறு செய்தியன்று. நடுவில் பொருந்தினால் குழல்கள் நாற்புறமும் பரவும். சிலவேளை விளிம்பிலோ, விளிம்பைத் தாண்டி வெறுஞ்சவ்விலோ பொருந்தும். ஒற்றைப் பிள்ளைகளைவிட இத்தகைய இரட்டையரிடம் இது மிகுதி. ஒருவர் கொடி நடுவிலும் மற்றவர் கொடி ஓரத்திலும் அமைந்தால் சமபங்கு கிட்டுவதரிது. ஓரத்துச் சிசு வளர்ச்சி குன்றலாம். ஆயினும் இணைப்புக்குழல் பெரிதாயின், உடன்பிறப்பின் குருதியே அதற்குத் துணையாவதும் உண்டு! பகையும் உறவும் ஒரே குழலில்.

கருப்பைக்குள் நோக்குகருவி செலுத்தி, அவ்விணைப்புகளை லேசர் ஒளியால் அடைத்ததை அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியாவும் துணைவரும் 1990-இல் வெளியிட்டனர். கடும் குருதி மாற்றம் கண்ட கருப்பங்களை ஆராய்ந்த 2004-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆய்வில், லேசர் முறையில் 100-க்கு 76 தாய்மாருக்கு ஒரு குழந்தையேனும் 28 நாள் பிழைத்தது. பனிக்குட நீரை வடித்த பழைய முறையில் 56 பேருக்கே. இன்று, பிறப்புக்குப் பல மாதம் முன்பே, ஸ்கேன் திரையில் கொடி பொருந்துமிடத்தைத் தேடுகிறோம்.