முந்திரி முதலில் கொடியில் காய்த்தது

திண்டிவனத்தில் நண்பர் வீட்டுக் கொல்லையில், கிணற்றடிப் பந்தலில் பன்னீர்த் திராட்சை படர்ந்திருக்கிறது. கவாத்து செய்த கொடி துளிர்த்து, இளம் இலைக்கு எதிர்ப்புறம் கடுகு கடுகாய் மொட்டுக்கொத்து வைத்திருந்தது. நண்பரின் பாட்டி அதைத் திராட்சை என்று சொல்லவில்லை. "கொடிமுந்திரி பூ வச்சிருக்கு பாருப்பா" என்றார்.

முந்திரித் தோப்புக்குப் பஞ்சமில்லாத விழுப்புரத்துச் செம்மண் பக்கத்தில், கொடிக்கு ஏன் மரத்தின் பெயர்? சொல்லன்பரே, கேள்வியையே திருப்பிப் போடவேண்டும். முந்திரிகை என்பது கொடிக்கே உரிய பழம்பெயர். வடமொழியில் மென்மையைக் குறிக்கும் மிருது என்னும் சொல்லடியாகப் பிறந்த மிருத்வீகா, பாலியில் முத்திகா ஆகி, தமிழில் வல்லொற்று மெல்லொற்றாய்க் கனிந்து முந்திரிகையாகி, ஈறு குறைந்து முந்திரியும் ஆயிற்று. வாயில் வைத்ததும் கரையும் பழத்துக்கு எவ்வளவு பொருந்தும் ஒலி! (கீழ்வாயிலக்கம் என்னும் பழைய பின்னக் கணக்கில் 320-இல் ஒரு பங்கைக் குறிக்கும் முந்திரியின் கதை வேறு.)

பிரேசிலில் பிறந்த முந்திரி மரத்தைப் போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். பழத்துக்கு வெளியே கொட்டை முந்தி நிற்பதால் முந்திரி என்பாருண்டு. கேட்க இனிய விளக்கம்தான். ஆனால் மரம் வருமுன்னே சொல் இருந்ததே! மலையாளத்தார் இன்றும் முந்திரி என்றால் திராட்சையைத்தான் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் திராட்சை முந்திரிகை, கொட்டை தருவது மரமுந்திரிகை. அங்கே புதிதாய் வந்ததற்குத்தான் அடைமொழி. இங்கோ மரம் பெயரை முழுதாய் எடுத்துக்கொள்ள, உரிமைக்காரியான கொடி "கொடி" என்று முன்னொட்டுப் போட்டுத் தன்னைச் சொல்லிக்கொள்ள நேர்ந்தது. உடைப்பவர் கையை வேகவைக்கும் பால் கொண்ட வன்தோட்டுக்கு மென்மையின் பெயர் போய்ச் சேர்ந்தது, பெயர்கள் இடம் மாறும் விந்தைகளுள் ஒன்று.

பிறகு, திராட்சா என்னும் மற்றொரு வடசொல் திராட்சையாய் வந்து கடைத்தெருவெங்கும் பரவியது. திண்டிவனமும் இரவற்பெயர்தான், திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, மருவியது என்பர். ஊர்க் கோயில் இறைவன் பெயரும் திந்திரிணீசுவரர். இரவல் வந்த சொற்களையும் தமிழ் தன் நாவுக்கேற்பத் திருத்தித்தான் வைத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பந்தற்கொடியை என்னவென்று அழைக்கிறார்கள்? கேட்டு, ஒலி மாறாமல் எழுதி வையுங்கள்.