மனப்பாட வாக்கியமும் மறுபடி கணக்கும்

பொட்டி தட்டுகிறவர்களுக்குள் தீராத சண்டை ஒன்று உண்டு. ஃபங்ஷன் தரும் விடையை ஒரு வேரியபிளில் போட்டு வைப்பதா, தேவைப்படும் இடத்திலெல்லாம் அதையே திரும்பக் கூப்பிடுவதா? என்னமோ கம்ப்யூட்டரோடு பிறந்த தகராறு மாதிரி பேசுவார்கள். நம்ம பஞ்சாங்கக்காரர்கள் இதை எப்போதோ பார்த்தாயிற்று :-)

சந்திரன் ஒரே வேகத்தில் ஓடாது. வேகம் கூடிக் குறைந்து பழைய நிலைக்கு வர சுமார் 27.55 நாள். ஒன்பது சுற்றுக்கு 248 நாள், கிட்டத்தட்ட மிச்சமே இல்லாமல். ஆகவே 248 நாளுக்கும் ஒரே முறை கணக்குப் போட்டு, நாளுக்கொரு வாக்கியமாகக் கட்டிவிட்டார்கள். கடபயாதி முறையில் எழுத்துதான் எண். வாக்கியத்தை ஒப்பித்தால் விடை கையில். செய்தவர் வரருசி என்பது மரபு. பிறகு சங்கமகிராம மாதவர் இன்னும் நுணுக்கமாகத் திருத்தினார். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான்.

ஜான் வாரன் என்பவர் 1825ல் சென்னையில் 'கால சங்கலித' என்ற நூலை வெளியிட்டார். அதில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகிறார். தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாட அட்டவணைகளை வைத்தே, 1825 மே 31 - ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வானியல் கோட்பாடு அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். 1952ல் நொய்கபவர் இதைச் சரிபார்த்து எழுதினார்: தொடக்கத்தில் 4 நிமிடம் பிசகு, நடுவில் 23, முடிவில் 52. எனக்கு அந்த 52 பெரிதாகத் தெரியவில்லை, 4தான் மலைப்பு. ஒரு துண்டுக் காகிதம் கிடையாதே!

ஆனால் சேமித்த விடை பழசாகும். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி (மறைவு 1880) புதிய கணக்கின்படி திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டது அதற்காகத்தான். வாக்கியமா திருக்கணிதமா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை.

எங்கள் டெலானிபூரில் விஷயம் இன்னும் வேடிக்கை. போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இருப்பது கிழக்கே 92.7 பாகையில், கடிகாரம் ஓடுவதோ 82.5 பாகைக்கு. பாகைக்கு நாலு நிமிடம் வீதம் 40 நிமிட வித்தியாசம். ஜூனில் காலை ஐந்துக்கே வெயில் வந்துவிடும். ராகு காலம் என்பது பகலை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு, திங்களன்று இரண்டாவது. அங்கே அது ஆறரைக்குத் தொடங்கி எட்டு மணி சுமாருக்கு முடிந்துபோகும். சுவரில் தொங்கும் சிவகாசி காலண்டரோ 7.30 - 9 என்கும். ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு அடையும் ஊருக்குப் போட்ட விடை அது. ஊர் என்கிற உள்ளீட்டை விட்டுவிட்டு விடையை மட்டும் கப்பலேற்றி விட்டார்கள்.

லண்டனில் டிசம்பர் பகலே எட்டு மணி நேரம்தான். எட்டில் ஒரு பங்கு என்றால் ஒரே மணி. இங்கே எங்கள் சமையலறையிலும் திங்கள் 7.30 - 9தான்.