ஹைடனின் ஒப்பந்தம்

வேலைக்குச் சேரும்போது நாம் படிக்காமலே கையெழுத்துப் போடுகிற ஒரு வரி உண்டு: இங்கே நீ எழுதும் கோட் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். 1761 மே 1 அன்று ஜோசப் ஹைடன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலும் ஏறக்குறைய அதே வரிதான் இருந்தது.

ஹைடன் வண்டிச் சக்கரம் செய்பவரின் மகன். ஹங்கேரியின் பெரும் நிலப்பிரபுக்களான எஸ்டர்ஹாசி குடும்பத்தில் துணை இசை இயக்குநர் வேலை கிடைத்தபோது வயது 29. சீருடையும் வெள்ளைக் காலுறையும் அணிய வேண்டும். தினமும் முன்னறையில் காத்திருந்து, இன்றைக்கு இசை உண்டா என்று உத்தரவு கேட்க வேண்டும். இயற்றுவதெல்லாம் பிரபுவுக்கே, யாருக்கும் நகல் தரக்கூடாது, அனுமதியின்றி வெளியாருக்கு எழுதவும் கூடாது.

அடிமைச் சாசனம் மாதிரி இருக்கிறது இல்லையா? ஆனால் அதே வேலை அவருக்கு வேறு எங்கும் கிடைக்காத ஒன்றையும் கொடுத்தது: கைக்கெட்டும் தூரத்தில் ஓர் இசைக்குழு. எழுதியதை உடனே வாசிக்கவைத்துக் கேட்கலாம், சரிவராததை வெட்டலாம், ஒட்டலாம், மறுபடி பார்க்கலாம். வெளியுலகிலிருந்து விலகி இருந்ததால்தான் தனித்தன்மை வந்தது என்று ஹைடனே பிற்காலத்தில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

1772இல் நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. பிரபு நிக்கோலஸ் எஸ்டர்ஹாசா மாளிகையை விட்டுக் கிளம்புகிற வழியாக இல்லை. இசைக்கலைஞர்களின் குடும்பங்களோ ஐசன்ஸ்டாட்டில். ஹைடன் ஒரு சிம்பொனி எழுதினார். கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராக வாசிப்பை நிறுத்தி, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். மிஞ்சுவது இரண்டு வயலின்கள். பிரபுவுக்குப் புரிந்துவிட்டது, அடுத்த நாளே ஊருக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார் என்பார்கள். பிரபுவுக்குச் சொந்தமான இசையிலேயே பிரபுவுக்கு விடுப்பு மனு!

இதற்கிடையே கள்ள நகல்கள் வழியாக அவர் புகழ் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தது. மற்றவர்கள் எழுதியதைக்கூட அவர் பெயர் போட்டு விற்றார்கள். அந்தப் புகழில் ஒரு காசுகூடக் கேட்க அவருக்கு உரிமையில்லை. 1779இல் புது ஒப்பந்தம் வந்தது. அந்த ஒரு வரி அதில் இல்லை. அதன்பின் பதிப்பாளர்களுக்குத் தானே விற்றார். பாரிஸுக்காக ஆறு சிம்பொனிகள் எழுதினார்.

1790இல் நிக்கோலஸ் இறந்தார், இசைக்குழு கலைக்கப்பட்டது. 58 வயது ஹைடனை, சாலமன் என்ற கச்சேரி அமைப்பாளர் லண்டனுக்கு அழைத்துப் போனார். இரண்டு பயணங்கள், பன்னிரண்டு சிம்பொனிகள். இந்த முறை எதிரே இருந்தது டிக்கெட் வாங்கி வந்த கூட்டம்.

'சிம்பொனியின் தந்தை' என்ற பட்டம் பெரிதாகத் தெரியலாம். எனக்கு அந்த நீக்கப்பட்ட வரிதான் பெரிது. எழுதிய தாள்களை ஒப்பந்தம் பூட்டிவைக்க முடிந்தது. முப்பது வருஷம் தினமும் எழுதி எழுதிப் பழகிய கையை அதனால் பூட்ட முடியவில்லை. அது ஹைடனோடுதான் கப்பல் ஏறியது.